ஸ்டேண்ட்பை தலை

வடை வந்தால் முதல் வடை எனக்குத்தான். காலை ஷிஃப்டில் எட்டரை மணிக்குக் கேன்டீன் வண்டி வரும். எங்கள் ஃபோர்மேன் இரண்டு வடை வாங்கித் தட்டில் வைத்து, சட்னி ஊற்றி, "சாப்பிடு தம்பி, நீ மொதல்ல சாப்பிடு" என்று என் பக்கம் நகர்த்துவார். நான் கடித்து, மென்று, விழுங்குகிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என் தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் அவர் கை தன் வடைக்குப் போகும். பெற்ற அப்பன்கூட இப்படிப் பார்த்துப் பார்த்து ஊட்டியதில்லையே என்று நான் உருகிப்போவேன். எண்ணெய் பழசா புதுசா என்று என் வயிற்றில் போட்டுப் பார்க்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நெய்வேலியில் சுரங்கத்துப் பம்ப் ஹவுஸுக்கு அவர்தான் ஃபோர்மேன். நான் அவருக்குக் கீழே கான்ட்ராக்ட் ஹெல்பர். வால்வு திறப்பது, மூடுவது, மணிக்கு ஒரு தடவை பிரஷர் ரீடிங் எழுதுவது, தரையைத் துடைப்பது, அவருக்கு டீ வாங்கி வருவது எல்லாம் என் வேலை. நிலக்கரி எடுக்கிற குழிக்குள் ஊற்றுத் தண்ணீர் ஏறிவிடாமல் ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பம்ப் ஓடும், பக்கத்தில் ஒன்று சும்மா நிற்கும். ஓடுவது மெயின், நிற்பது ஸ்டேண்ட்பை. புது பேரிங் வரட்டும், புது சீல் வரட்டும், அவர் நேராக மெயினில் மாட்ட விடவே மாட்டார்.

"மொதல்ல ஸ்டேண்ட்பைல போடு. பத்து நாள் ஓட்டிப் பாரு. ஓகேன்னா மெயின்ல ஏத்து" என்பார். "மெயினுக்கு ஏதாவது ஆச்சுன்னா மைன்ஸே நின்னுடும் தம்பி."

பம்ப்புக்கு அது சரியான முறைதான். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அந்த மனுஷன் அதை மனுஷர்களுக்கும் வைத்திருந்தார், அதில்தான் சண்டை.

ஷூ கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். பர்மனென்ட் ஆட்களுக்குப் புது சேஃப்டி ஷூ கொடுத்த நாள். பெட்டியைப் பிரித்து, வாசனை பிடித்துவிட்டு, என்னிடம் நீட்டினார். "உனக்கும் எனக்கும் ஒரே சைஸ்தான. போட்டுக்க தம்பி." எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பர்மனென்ட் ஷூ! அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டே கம்மாபுரம் பஸ்ஸில் ஏறி, யாராவது காலைப் பார்க்கமாட்டார்களா என்று காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு குதிகாலும் கொப்புளித்து, உடைந்து, சாக்ஸ் ஒட்டிக்கொண்டது. பதினைந்தாம் நாள் தோல் இளகி ஷூ கடிப்பதை நிறுத்தியது. பதினாறாம் நாள், "என்ன, இப்ப கடிக்கலியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். கழற்றச் சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டார். மறுநாள் நான் பழைய ரப்பர் செருப்பில் வந்தேன்.

வெல்டிங் வைத்த ஏணியில் முதலில் ஏறுவது நான். கொரோனா ஊசி வந்தபோது முதல் ஆளாக என்னை அனுப்பிவிட்டு மூன்று நாள் காலையும் மாலையும் போன் பண்ணிக் காய்ச்சல் விசாரித்தார். "உம்மேல அவருக்கு எவ்ளோ பாசம் பாருடா" என்று ஷிஃப்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும் பல்லை இளித்துக்கொண்டு ஆமாம் என்றேன். இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று விட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இனி அவர் தலைக்கு வருவோம். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது. நடு மண்டை சுத்தமாக வழித்த தட்டு. இடது காதுக்கு மேலே கொஞ்சம் முடியை ஒரு முழத்துக்கு வளர்த்து, அதைத் தலைக்கு மேலே கொண்டுபோய் வலது காதருகில் படிய வைத்திருப்பார். ஹெல்மெட்டைக் கழற்றினால் அது எழுந்து நிற்கும். உடனே சட்டைப் பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து, பிரஷர் கேஜ் கண்ணாடியில் முகம் பார்த்து, ஒவ்வொரு இழையாகத் திரும்பப் படுக்க வைப்பார். டவுன்ஷிப்பில் பாதிப் பேர் வழுக்கைக்குத் தண்ணீரைத்தான் திட்டுவார்கள். அவர் ஹெல்மெட்டைத் திட்டுவார். வெள்ளை ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என் தலைய தின்னது இதுதான்" என்று பல்லைக் கடிப்பார்.

எனக்கும் இருபத்தேழு வயதிலேயே நெற்றி மேலே ஏற ஆரம்பித்திருந்தது. விருத்தாசலத்துப் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போனோம். பெண்ணுடைய மாமன் காபி டம்ளரை வைத்துக்கொண்டே, "மாப்ளைக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சிருக்குமாங்க?" என்று என் அம்மாவிடம் கேட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் பக்கமே திரும்பவில்லை. மறுநாள் பம்ப் ஹவுஸில் நான் இதைச் சொல்லி அழாத குறையாக நின்றேன். அவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்து, முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். அப்படி ஒரு கனிவு முகத்தில்.

"கவலப்படாத தம்பி. நான் இதப் பத்திப் படிச்சுக்கிட்டேதான் இருக்கேன். உனக்கு ஒரு வழி பண்றேன்."

வழி பண்ணினார். ஒரு வாரத்தில் ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலில் தண்ணீர் போன்ற ஒரு கரைசலும், பேப்பரில் மடித்த மாத்திரைகளும் வந்தன. அந்த மாத்திரை முதலில் ரத்தக் கொதிப்புக்காக வந்ததாம். அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர்களே அதைத் தலைக்குத் தடவ ஆரம்பித்தார்களாம். தடவினால் மெதுவாக வரும், விழுங்கினால் வேகமாக வரும், இரண்டும் சேர்ந்தால் காடு மாதிரி வரும் என்றார். எந்த டாக்டர் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. செல்போனில் ஏதோ ஒரு குழுவில் வெளிநாட்டு வழுக்கைத் தலைகள் எல்லாம் கூடி எழுதிக்கொள்வதைக் காட்டினார். நம்பினேன். வடை கொடுத்த கை அல்லவா?

அன்றிலிருந்து என் தலைக்கும் ரீடிங். காலையில் மெயின் பம்ப் பிரஷர் பார்ப்பார், ஸ்டேண்ட்பை ஆயில் பார்ப்பார், பிறகு என்னை ஸ்டூலில் உட்கார வைத்து டார்ச் அடித்துத் தலையைப் பார்ப்பார். மேலிருந்து ஒரு போட்டோ. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி என் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவார். பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டில் ஏதோ எழுதி, என்னிடம் நீட்டுவார். "ரீடிங் எடுத்தா கையெழுத்து வேணும்." நானும் படிக்காமலே போட்டுக்கொடுப்பேன். எல்லா லாக் புக்கிலும் போடுகிறவன்தானே, இதில் மட்டும் என்னத்தைப் படிப்பது?

முதல் மாதம் இருந்த முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. "பழசு விழுந்தாத்தான் புதுசு வரும்" என்றார். இரண்டாம் மாதம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, வந்தது. தலையில் வந்தது, நெற்றியில் வந்தது, கன்னத்து எலும்பில் வந்தது, விரல் கணுக்களில்கூட வந்தது. அம்மா என் முகத்தை விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு அலறினாள்.

"இன்னாடா இது, நெத்தியெல்லாம் மொளச்சிகினு கெடக்குது? யாரு எதக் குடுத்தாலும் வாங்கிப் போட்டுக்குவியா?"

"எங்க ஃபோர்மேன் குடுத்தாரும்மா. பெரிய படிப்பெல்லாம் படிச்சிகினு இருக்காரு."

"அவரு தலையில மொளச்சிதா?"

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அம்மா கேட்ட கேள்வி அது. எனக்கு ஒரு நிமிஷம்கூட அது தோன்றவில்லை.

மூன்றாம் மாதம் கால் வீங்கியது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் விரல் ஆழத்துக்குப் பள்ளம். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. படியேறினால் நெஞ்சு படபடவென்று அடித்தது. அவரிடம் சொன்னேன். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி, குழி மேலே வர எத்தனை நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். எழுதினார்.

"நிறுத்திடவா சார்?"

"சேச்சே. இப்ப நிறுத்தினா வந்ததெல்லாம் கொட்டிடும். வெயில்ல ஹெல்மெட் போட்டுட்டு நிக்கிற, அந்தச் சூடு. மோர் குடி."

மோர் குடித்தேன்.

இந்தச் சமயத்தில்தான் என் பெயர் லிஸ்டில் வந்தது. எங்கள் நிலம் அப்பா காலத்திலேயே சுரங்கத்துக்குப் போய்விட்டது. அதற்கு ஒரு வேலை என்ற பேச்சை வைத்துக்கொண்டுதான் அப்பா மீதி நாளை ஓட்டினார், அதைப் பார்க்காமலே போய்ச்சேர்ந்தார். நானும் எட்டு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தேன். இப்போது பெயர் வந்து, இன்டர்வியூ முடிந்து, மெடிக்கல் மட்டும் பாக்கி. மெடிக்கலில் ஃபிட் என்று ஒரு சீல் விழுந்தால் நான் பர்மனென்ட். அம்மா வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வந்தாள்.

மெடிக்கலுக்கு முந்தின நாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வாழ்த்து சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, டாக்டர் எதாவது மாத்திரை சாப்பிடுறியான்னு கேப்பாரு. மூச்சு விடாத. ஃபார்ம்லயும் இல்லைன்னே எழுது. சொன்னா உன்ன நோயாளின்னு நெனச்சுக்குவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

டாக்டர் கேட்டார். "இல்லைங்க டாக்டர்" என்றேன். ஃபார்மில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் என் காலை அழுத்திப் பார்த்தார். பிரஷரை மூன்று தடவை பார்த்தார். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார். இந்த வயசில் இதயம் இப்படி ஓடக்கூடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அன்ஃபிட் என்று எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

நேராகப் பம்ப் ஹவுஸுக்கு ஓடினேன். அவர் கேஜ் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தார். காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க சார். மாத்திரையாலதான்னு சொன்னா டாக்டர் புரிஞ்சிக்குவாரு. நான் சொன்னா நம்ப மாட்டாருங்க."

சீப்பு நிற்கவே இல்லை. "நான் எப்படிப்பா வர்றது? நாளைக்கு என் பேரு வெளிய வந்தா ரிடையர் ஆகுற நேரத்துல எனக்கு அசிங்கம். உனக்கென்ன, சின்னப் பையன். அடுத்த லிஸ்ட் வராமலா போயிடும்?"

மறுநாள் நானே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திரையை நிறுத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருப்பேனேப்பா. இப்ப சாப்பிடலைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கியே. பொய் எழுதினவனுக்கு நான் என்ன பண்ண முடியும்?" பொய்த் தகவல் என்று என் பெயரை அடித்துவிட்டார்கள். எனக்கு அடுத்திருந்தவனுக்கு அந்த வேலை போனது. மாத்திரையை நிறுத்திய இரண்டே வாரத்தில் வீக்கம் வடிந்து, நெஞ்சு அடங்கி, நான் குதிரை மாதிரி ஆகிவிட்டேன். அதை வைத்துக்கொண்டு நாக்கை வழிக்கவா?

அம்மா அன்றைக்குச் சோறு வடிக்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு தடவை சொன்னாள். "உங்கப்பன் ஒரு காணி நெலத்தக் குடுத்து வாங்கின வேலடா. அத மயிருக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அப்போதும்கூட அவர் மேல் எனக்கு முழுக் கோபம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? பயந்த சுபாவம், என்ன பண்ணுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் அவர் லீவு. ரீடிங் எழுத லாக் புக் தேடும்போது அந்தப் பழுப்பு அட்டை நோட்டு கையில் வந்தது. பிரித்தேன். பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் "ஸ்டேண்ட்பை" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. கீழே வரிசையாக என் கால், என் நாடி, என் நெற்றி. ஒரு இடத்தில், "கால் வீக்கம் அதிகம். நாடி மிக வேகம். மயக்கம் சொல்கிறான். முடி நல்ல வளர்ச்சி. தொடர்க." கீழே என் கையெழுத்து. கடைசி வரி: "மெடிக்கலில் அன்ஃபிட். இந்த அளவு கூடாது. மெயினுக்குக் கால் பங்கு போதும்." அடுத்த பக்கத்தில் "மெயின்" என்று எழுதி, கட்டம் போட்டு, வெறுமையாக விட்டிருந்தார்.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வடை, ஷூ, ஏணி, ஊசி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து எதிரில் நின்றன. அடப்பாவி மனுஷா, கால் வீங்கியது தெரிந்தேதான் மோர் குடிக்கச் சொன்னாயா? என் வேலை போனதே உனக்கு ஒரு அளவு கண்டுபிடிக்கத்தானா? சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்தில் இருந்த பைப் ரெஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். பிறகு அதை மாட்டிவிட்டு ரீடிங் எழுதினேன்.

மறுநாள் அவர் வந்தார். "வணக்கம் சார்" என்றேன். வடையைச் சாப்பிட்டேன். கான்ட்ராக்ட்காரன் எதையும் மறந்துவிடுவான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

நான் கடலூர் போய் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். அவர் அளவாக ஒரு மருந்து கொடுத்தார், யார் எதைக் கொடுத்தாலும் வாங்கித் தடவாதே என்று திட்டியும் அனுப்பினார். அதை வீட்டில் ஒழுங்காகப் போட்டு வந்தேன். கொட்டியது போக, மெல்ல மெல்லப் பூனை முடி எழ ஆரம்பித்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அவரோ கால் பங்கு மாத்திரையில் அலுத்துப்போயிருந்தார். நாலு முடிகூட வரவில்லை, நோட்டில் மெயின் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. ரிடையர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. செண்ட் ஆஃப் அன்றைக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, மேளத்தோடு வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள் அல்லவா? அந்த போட்டோ ஹாலில் சாகும்வரை தொங்கும். அதில் வழுக்கையாக நிற்க மாட்டேன் என்று அவருக்கு வெறி. ஒரு நாள் வெள்ளைப் பொடி அடைத்த சின்ன பாக்கெட் ஒன்றைக் காட்டினார். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்று இங்கிலீஷில் அதன் மேலேயே ஒட்டியிருந்தது.

"இன்னும் கடைக்கே வராத மருந்து தம்பி. எலிக்குப் போட்டுப் பாத்திருக்காங்க. எலிக்கு முடி அப்படி வந்திருக்கு."

"எலிக்கு அப்புறம் யாருங்க சார்?"

"வேற யாரு, உனக்குத்தான் மொதல்ல" என்று சிரித்தார். அதே கனிவு. "ஸ்பிரிட்ல கலந்து வச்சிருக்கேன். மூணு வாரம் போட்டுப் பாரு."

வாங்கிக்கொண்டேன்.

வீட்டில், இடது முழங்கைக்கு உள்பக்கம் ஒரே ஒரு சொட்டு விட்டேன். அரை மணியில் சிவந்தது. மறுநாள் கொப்புளம். மூன்றாம் நாள் தோல் உரிந்து, ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு புண். அங்கே இருந்த பூனை முடிகூட உதிர்ந்துபோனது. மீதியை அப்படியே சாக்கடையில் ஊற்றினேன். அன்று முதல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன்.

"எரிச்சல் இருக்கா?"

"இல்லைங்க சார்."

டார்ச் அடித்துப் பார்த்தார். கடலூர் டாக்டரின் புண்ணியத்தில் எழுந்திருந்த பூனை முடியைக் கண்டு அவர் மூச்சே நின்றுவிட்டது. இரண்டாம் வாரம் மறுபடி கேட்டார். "அரிப்பு? வீக்கம்? நாடி வேகமா இருக்கா?"

"ஒண்ணுமே இல்லைங்க சார். தலை குளுகுளுன்னு இருக்குது."

மூன்றாம் வாரம் கேட்டபோது எனக்கு ஒரு கணம் நாக்கு தடுக்கியது. மறைக்க மாட்டேன், தடுக்கியது. வேண்டாம் சார் என்று சொல்ல ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் கேஜ் முன்னால் நின்று தலை வாரிய சீப்பு ஞாபகம் வந்தது. அவர் நோட்டை நீட்டினார். நானே பேனாவை வாங்கி, ஸ்டேண்ட்பை பக்கத்தில் பெரிதாக "ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை படித்துப் பார்த்துத்தான் போட்டேன்.

செண்ட் ஆஃபுக்கு எட்டு நாள் இருந்தது. அவசரம் அவருக்கு. மெயினான தன் தலைக்கு இரண்டு மடங்கு ஊற்றியிருக்கிறார். மூன்றாம் நாள் லீவு. நான்காம் நாளும் லீவு. "ஃபோர்மேனுக்குத் தலையில எதோ அலர்ஜியாம்" என்று பேசிக்கொண்டார்கள். நான் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

செண்ட் ஆஃப் அன்றைக்கு வந்தார். காரை விட்டு இறங்கும்போதே தலையில் வெள்ளை ஹெல்மெட். முகம் ஊதி, கண் இரண்டும் கோடாகிக் கிடந்தது. ஷாமியானா போட்டிருந்தார்கள். மாலை, சால்வை, பாராட்டு. இவ்வளவுக்கும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கடைசி நாளும் பாதுகாப்பு உணர்வைப் பாருங்கள் என்று ஒரு அதிகாரி மைக்கில் வேறு புகழ்ந்தார். போட்டோகிராஃபர்தான் விடவில்லை.

"சார், ஹெல்மெட்ட எடுங்க சார். முகத்துல நிழல் விழுது."

"பரவால்ல, எடுப்பா."

"ஒரு செகண்ட் சார், இது ஹால்ல மாட்டுற போட்டோ" என்று அவனே வந்து எட்டி எடுத்துவிட்டான்.

நடு மண்டை பொறுக்குத் தட்டிப் புண்ணாகி, மஞ்சள் மருந்து அப்பியிருந்தது. காதுக்கு மேலே வளர்த்து வைத்திருந்த அந்த ஒரு முழம் முடியும் இல்லை. ஒரு இழை இல்லை. மேளக்காரன் அடிக்கிறதை நிறுத்திவிட்டான். பட் பட்டென்று ஃபிளாஷ் மட்டும் விழுந்தது. நான் டிபன் தட்டுகளோடு ஓரமாக நின்று முழுசாகப் பார்த்தேன். ஐயோ பாவம் என்று ஒரு சொட்டு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

கூட்டம் சாப்பிடப் போனதும் அவர் லாக்கர் சாவி கொடுக்கப் பம்ப் ஹவுஸுக்குள் வந்தார். மாலை கழுத்திலேயே இருந்தது. நான் அவருக்கு டிபன் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அந்த நிலைமையிலும் கை வடையை எடுத்து என் பக்கம் நீட்டியது. "நீ சாப்பிடு."

"நீங்க மொதல்ல சாப்பிடுங்க சார்."

வடையைக் கீழே வைத்துவிட்டு என் தலையை வெகு நேரம் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணுமே ஆகலியே தம்பி. அதே மருந்துதான. எனக்கு மட்டும் ஏன்?"

"நான் தலையில போடவே இல்லைங்க சார்." முழுக்கையை மடித்து இடது கையைக் காட்டினேன். வட்டமாக, வழவழவென்று இருந்தது தழும்பு. "இங்க ஒரு சொட்டு விட்டேன்."

அந்த வீங்கிய கண் என்னால் நம்ப முடியாத அளவுக்குத் திறந்தது. "தெரிஞ்சேவா ஓகேன்னு எழுதின?"

"கால் வீங்கினது தெரிஞ்சேதான நீங்க தொடர்கன்னு எழுதினீங்க."

அவர் என் தழும்பையும் கேஜ் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப... இத யாருக்குப் போட்டுத்தான் பாத்த?"

"உங்களுக்குத்தாங்க சார்."

மேஜை டிராயரை இழுத்துப் பழுப்பு நோட்டை எடுத்தேன். "மெயின்" என்று எழுதிக் கட்டம் போட்டிருந்த வெற்றுப் பக்கத்தைப் பிரித்து, அவர் எதிரிலேயே நின்றுகொண்டு எழுதினேன். "தலை முழுதும் புண். முகம் வீக்கம். முடி இல்லை." எழுதி முடித்து நோட்டையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன்.

"ரீடிங் எடுத்தா கையெழுத்து வேணும் சார்."

திட்டுவார், நோட்டைக் கிழிப்பார் என்றெல்லாம் நினைத்தேன். மனுஷன் கண்ணுக்கு அருகில் வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு தேதியோடு கையெழுத்துப் போட்டார்.

"இப்ப சந்தோஷமா உனக்கு?"

"எனக்கு அந்த வேல வேணும் சார்" என்றேன். "அது ஒண்ணுதான் வேணும். குடுக்க முடியுமா உங்களால?"

வெளியே மேளம் மறுபடி ஆரம்பித்தது. அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஹெல்மெட்டை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டு போனார். மேளச் சத்தம் கேட் தாண்டும் வரை நான் அங்கேயே நின்றேன். மணி அடித்தது. என் மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்டேண்ட்பை பம்ப் ரீடிங் எடுக்கப் போனேன்.